ஒரே தொகுதித் தனிமங்கள் ஏன் ஒத்துப்போகின்றன? பொட்டாசியமும் செம்பும் ஏன் ஒத்துப்போகவில்லை?

#1 வினாத்தாள்

பதினோராம் வகுப்புக் கேள்விதான். ஆனால் ஒரு வரி விடை போதவில்லை. "வெளிக்கூட்டில் ஒரே எண்ணிக்கையில் எலக்ட்ரான் இருப்பதால் ஒரே தொகுதித் தனிமங்கள் ஒரே மாதிரி வினைபுரிகின்றன" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்று இடத்தில் முட்டுகிறது.

பொட்டாசியத்துக்கு வெளியே 4எஸ்-இல் (நான்காம் கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில்) ஓர் எலக்ட்ரான். செம்புக்கும் 4எஸ்-இல் ஓர் எலக்ட்ரான். ஒன்று தண்ணீரில் விழுந்தால் தீப்பிடிக்கிறது. இன்னொன்றில் குடம் அடித்துத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

ஹீலியத்துக்கு வெளியே இரண்டு எலக்ட்ரான். அது பெரிலியத்தின் தலையில் உட்காராமல் நியானுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது.

கார்பனுக்கும் காரீயத்துக்கும் நான்கு நான்கு. கார்பன் டெட்ராகுளோரைடு புட்டியில் வருடக்கணக்கில் கிடக்கும். லெட் டெட்ராகுளோரைடு லேசாகச் சூடுபட்டாலே லெட் டைகுளோரைடாகவும் குளோரினாகவும் பிரிந்துவிடும்.

மாணவரிடம் சொல்லக்கூடிய, எண்ணோடு கூடிய விடை வேண்டும். "ஆக்டெட்டை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானை) அடைய விரும்புகிறது" வகை விடை வேண்டாம்.

#2 மோல்கணக்கு

வெளியே எத்தனை என்பது பாதிக் கேள்வி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி. ஸ்லேட்டர் விதியைப் போட்டாலே தெரிந்துவிடும்.

விதி இவ்வளவுதான். வெளி எலக்ட்ரானைப் பொறுத்தவரை, அதே கூட்டிலுள்ள மற்ற எலக்ட்ரான் ஒவ்வொன்றும் 0.35 மறைக்கும். ஒரு கூடு உள்ளே இருப்பது 0.85. அதற்கும் உள்ளே இருப்பது முழுசாக 1. மொத்த மறைப்பைப் புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து கழித்தால் அந்த எலக்ட்ரான் உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமை கிடைக்கும்.

சோடியம்: 8 × 0.85 = 6.8, 2 × 1 = 2, மொத்தம் 8.8. 11 − 8.8 = 2.20.
பொட்டாசியம்: 8 × 0.85 = 6.8, 10 × 1 = 10, மொத்தம் 16.8. 19 − 16.8 = 2.20.
ருபீடியம்: 8 × 0.85 = 6.8, 28 × 1 = 28, மொத்தம் 34.8. 37 − 34.8 = 2.20.

மூன்றுக்கும் ஒரே எண். காரணம், மூன்றுக்கும் வெளி எலக்ட்ரானுக்கு அடுத்த உள்கூட்டில் இருப்பது மந்த வாயுவின் எட்டு எலக்ட்ரான் அமைப்பு. இப்போது செம்பு:

18 × 0.85 = 15.3, 10 × 1 = 10, மொத்தம் 25.3. 29 − 25.3 = 3.70.

செம்பின் உள்கூட்டில் இருப்பது எட்டல்ல, பதினெட்டு. கூடுதலாக வந்த பத்து 3டி எலக்ட்ரானும் தலைக்கு 0.85 வீதம்தான் மறைக்கின்றன. அவற்றோடு கூட வந்த பத்துப் புரோட்டானோ முழுசாக இழுக்கின்றன. அதனால் அதே 4எஸ் எலக்ட்ரான் செம்பில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அளந்த முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவு): பொட்டாசியம் 419, செம்பு 745 கிலோஜூல்/மோல். குடத்துக்கும் தீக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு அங்கேதான். மிச்சம், செம்பு உலோகப் பிணைப்பின் பலம். டி எலக்ட்ரான்களும் பிணைப்பில் கைகொடுப்பதால் அணுக்களைப் பிரித்தெடுப்பதே கடினம்.

மெண்டலீவின் பழைய குறுகிய அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் முதல் தொகுதியின் துணைத் தொகுதியாகத்தான் இருந்தன. ஆகவே உங்கள் கேள்வி புதியதல்ல.

#3 ஏழாம்வரிசை

2.20, 2.20, 2.20 என்று வருவதைப் பார்த்து மாணவர் மயங்கிவிடக் கூடாது. அது ஸ்லேட்டர் விதியின் முரட்டுத்தனம். கிளெமென்டி, ரைமொண்டி என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்ட மதிப்புகள்: சோடியம் 2.51, பொட்டாசியம் 3.50, ருபீடியம் 4.98. ஒன்றாக இல்லை, ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் "ஒரே இழுவிசை, அதனால் ஒரே குணம்" என்ற வாதம் விழுந்துவிடுகிறதே?

#4 மோல்கணக்கு

நியாயமான அடி. 2.20-ஐ அளந்த உண்மையாகக் காட்டக் கூடாது, ஒப்பீட்டுக்கு மட்டும்தான். ஆனால் வாதம் விழவில்லை. உங்கள் எண்களில் மின்சுமை ஏறுகிறது, கூடவே எலக்ட்ரான் தள்ளியும் போகிறது. உலோக ஆரம் சோடியம் 186, பொட்டாசியம் 227, ருபீடியம் 248 பிக்கோமீட்டர். இரண்டும் சேர்ந்து கடைசியில் தருவதை ஆய்வகத்திலேயே அளக்கலாம். அதையே கரும்பலகையில் எழுதுங்கள்.

முதல் அயனியாக்கும் ஆற்றல், கிலோஜூல்/மோல்:
லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403, சீசியம் 376.

இரண்டாவது:
சோடியம் 4562, பொட்டாசியம் 3052, ருபீடியம் 2633, சீசியம் 2234.

முதல் வரியைவிட இரண்டாம் வரிதான் முக்கியம். சோடியத்தில் முதல் எலக்ட்ரானுக்கு 496 கொடுத்தால் போதும், அடுத்ததற்கு ஒன்பது மடங்குக்கு மேல். அந்தச் செலவை எந்தப் படிகக்கூடு ஆற்றலும் (அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது வெளிவரும் ஆற்றல்) ஈடுகட்டாது. அதனால் கார உலோகம் எதுவானாலும் +1-இல் நின்றுவிடும். குளோரைடு என்றால் ஒன்றுக்கு ஒன்று, சல்பேட் என்றால் இரண்டுக்கு ஒன்று. செம்பில் அந்தச் சுவர் இல்லை. 745-க்குப் பிறகு 1958. அதை நீரேற்ற ஆற்றல் (அயனியைத் தண்ணீர் சூழும்போது வெளிவருவது) ஈடுகட்டிவிடுகிறது, மயில்துத்தம் (செம்பு சல்பேட்) +2-ஆகக் கிடைக்கிறது.

காரமண் உலோகங்களிலும் இதே சுவர், ஓர் எலக்ட்ரான் தள்ளி. மெக்னீசியம் 738, 1451, பிறகு 7733. கால்சியம் 590, 1145, பிறகு 4912.

தொகுதி என்பது உறுதியாகச் சொல்வது சேர்மத்தின் வாய்பாட்டை. வினையின் வேகம், உப்பின் கரைதிறன், சேர்மத்தின் நிலைப்புத்தன்மை மூன்றையும் அது அப்படியே சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

#5 புன்சன்சுடர்

கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். முதல் தொகுதியிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. திட்ட மின்முனை அழுத்தம் (எவ்வளவு எதிர்மமோ, நீரில் எலக்ட்ரானை விட்டு அயனியாகும் போக்கு அவ்வளவு அதிகம்): லித்தியம் −3.04, சோடியம் −2.71, பொட்டாசியம் −2.93 வோல்ட். எண்ணை மட்டும் பார்த்தால் லித்தியம்தான் மூன்றிலும் மூர்க்கம். தண்ணீரில் போட்டால் அதுதான் சாது. சும்மா குமிழிவிட்டுக்கொண்டு மிதக்கும்.

முதலில் அழுத்தத்தை விளக்கிவிடலாம். திண்ம உலோகத்திலிருந்து நீரில் அயனியாக வர மூன்று படி: பதங்கமாதல், அயனியாக்கம், நீரேற்றம்.

லித்தியம்: 159 + 520 − 519 = 160
சோடியம்: 107 + 496 − 406 = 197
பொட்டாசியம்: 89 + 419 − 322 = 186

(எல்லாம் கிலோஜூல்/மோல்.) லித்தியத்தில் எலக்ட்ரானைப் பிடுங்குவதுதான் கடினம், ஆனால் அந்தச் சின்ன அயனியைத் தண்ணீர் அவ்வளவு இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கிறது. மொத்தச் செலவு அதற்கே குறைவு. நீருடன் வினையில் ஒரு மோலுக்கு வெளிவரும் வெப்பமும் அதற்கே அதிகம்: லித்தியம் 222, சோடியம் 184, பொட்டாசியம் 197.

அப்படியானால் ஏன் சாது? உருகுநிலை. லித்தியம் 180.5, சோடியம் 97.8, பொட்டாசியம் 63.5 டிகிரி செல்சியஸ். சோடியமும் பொட்டாசியமும் வினையின் சூட்டிலேயே உருகி உருண்டையாகி, புதுப்புது மேற்பரப்பைக் காட்டிக்கொண்டே ஓடும். லித்தியம் உருகுவதில்லை. அதன் ஹைட்ராக்சைடும் மற்ற இரண்டைவிடக் குறைவாகவே கரையும், மேற்பரப்பை மூடிக்கொள்ளும். எலக்ட்ரானைப் பிடுங்கும் கட்டத்திலுள்ள 520 என்ற தடையும் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் ஒன்று சொல்கிறது, வேகம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் "வினைத்திறன்" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால் வரும் தொல்லை இது.

இனி ஆய்வகத்தில் கையாள்பவர்களுக்கு. "எல்லாம் கார உலோகம்தானே" என்று ஒரே மாதிரி வைத்தால் வம்பு வரும் இடங்கள்:

மண்ணெண்ணெய். சோடியம் அதில் மூழ்கும். லித்தியத்தின் அடர்த்தி 0.53, மண்ணெண்ணெய் சுமார் 0.8. மேலே மிதந்து காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் அதற்குப் பாரஃபின் மெழுகுப் பூச்சு, இல்லாவிட்டால் ஆர்கான்.

நைட்ரஜன். சோடியம், பொட்டாசியத்துக்கு உலர்ந்த நைட்ரஜன் போர்வை போதும். லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு மெல்லச் சேர்ந்து நைட்ரைடு ஆகிவிடும், பளபளப்பு போய்க் கறுக்கும். இந்த விஷயத்தில் அது நைட்ரைடு தரும் மெக்னீசியத்தின் கட்சி. மூலைவிட்டத் தொடர்பு என்று பாடத்தில் வருவது இதுதான்: லித்தியம் அயனியும் மெக்னீசியம் அயனியும் பருமனில் நெருங்கிவிடுகின்றன.

ஆக்சைடு. காற்றில் எரித்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடு, சோடியம் பெரும்பாலும் பெராக்சைடு, பொட்டாசியம் சூப்பராக்சைடு. பெரிய எதிரயனியை நிலைநிறுத்தப் பெரிய நேரயனி வேண்டும், அதுதான் காரணம். நடைமுறையில் இதன் விலை பெரிது. பழைய பொட்டாசியக் கட்டியின் மேல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் படலம் தெரிந்தால் கத்தி வைக்கவே கூடாது. அந்தச் சூப்பராக்சைடு எண்ணெயோடும் அடியிலுள்ள உலோகத்தோடும் வெட்டும் அழுத்தத்தில் வெடிக்கும். வெள்ளைப் படலம் படிந்த சோடியத்தைச் சீவி எடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

மிச்சத் துண்டுகளை அழிக்க: சோடியத்தை ஐசோபுரப்பனாலில் கொஞ்சம் கொஞ்சமாக. பொட்டாசியத்துக்கு அது வேகம் அதிகம், டெர்ஷியரி பியூட்டனால் பயன்படுத்துங்கள். ஆல்கஹாலில் குமிழி நின்ற பிறகுதான் தண்ணீர். தீப்பற்றினால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் கூடாது, எரியும் உலோகம் அதிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும்.

#6 யாழ்_இரசாயனம்

சொற்கள் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாடநூலில் தனிமம் மூலகம், தொகுதி கூட்டம், தொடர் ஆவர்த்தனம், எலக்ட்ரான் இலத்திரன், நேரயனி கற்றயன், எதிரயனி அனயன், படிகக்கூடு சாலகம், நீர்த்த என்பது ஐதான, ஆக்சிஜனேற்றம் ஒட்சியேற்றம்.

நான் 17ஆம் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வலுவளவு இலத்திரன், ஒன்று ஏற்று −1. இதில் ஐந்துக்கும் ஒற்றுமை. ஆனால் புளோரீன் தன் கூட்டத்தாரோடு ஒட்டாமல் நிற்கும் இடங்கள் பல, அவை பரிசோதனையிலேயே தெரியும்.

சில்வர் நைத்திரேற்று சேர்த்தால் குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவு, புரோமைட்டு வெளிர்மஞ்சள், அயடைட்டு மஞ்சள். புளோரைட்டு? ஒன்றும் வராது. சில்வர் புளோரைட்டு தண்ணீரில் தாராளமாகக் கரையும். கல்சியத்தோடு தலைகீழ்: கல்சியம் குளோரைட்டு காற்று ஈரத்தையே உறிஞ்சிக் கரைந்துவிடும், கல்சியம் புளோரைட்டு லீற்றருக்கு 0.016 கிராம் அளவுதான் கரையும். புளோரைட்டு அயன் சிறியது, கடினமானது. கல்சியம் போன்ற சிறிய, கடினமான கற்றயனோடுதான் அதன் சாலகம் இறுகும். சில்வர் பெரிய அனயன்களோடு பங்கீட்டுத் தன்மையோடு சேரும். ஆகவே போகப்போக, குளோரைட்டிலிருந்து அயடைட்டுக்கு, சில்வர் உப்பின் கரைதிறன் விழுகிறது: கரைதிறன் பெருக்கம் (சிறிதாகச் சிறிதாகக் கரைவது குறைவு) 1.8 × 10⁻¹⁰, 5.4 × 10⁻¹³, 8.5 × 10⁻¹⁷. ஐதான அமோனியாவில் முதலாவது கரையும், செறிந்த அமோனியாவில் இரண்டாவதும் கரையும், மூன்றாவது எதிலும் அசையாது என்பதன் கணக்கு இதுதான்.

ஐதரசன் புளோரைட்டு மென்னமிலம், மற்ற மூன்றும் வன்னமிலம். புளோரீன்–புளோரீன் பிணைப்பு 158, குளோரீன்–குளோரீன் 242 கிலோயூல்/மோல். சின்ன அணுக்கள் இரண்டு, தனிச் சோடி இலத்திரன்கள் முகத்துக்கு முகம் தள்ளிக்கொள்கின்றன. இலத்திரன் நாட்டமும் புளோரீனுக்கு 328, குளோரீனுக்கு 349. "மேலே போகப் போகக் கூடும்" என்று எழுதினால் முதற்படியிலேயே பிழை.

இடப்பெயர்ச்சிப் பரிசோதனையில் பிழைக்கும் ஓர் இடம். 2 மில்லிலீற்றர் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசல், அதன் மேல் 1 மில்லிலீற்றர் சைக்கிளோஎக்சேன், பிறகு குளோரீன் நீர் துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் குலுக்க வேண்டும். மேல் அடுக்கு ஊதா. மாணவர் குளோரீன் நீரை ஒரேயடியாக ஊற்றினால் ஊதா வந்த வேகத்தில் மறைந்துவிடும். மிகையான குளோரீன் அயடீனை நிறமற்ற அயடேற்றாக ஒட்சியேற்றிவிடுகிறது. "அயடைட்டு இல்லை" என்று எழுதிவிடுவார்கள். எதிர்ப்பிழையும் உண்டு: வெளிச்சத்தில் கிடந்த பழைய குளோரீன் நீரில் குளோரீனே இராது, ஐதரோகுளோரிக் அமிலம்தான் மிஞ்சியிருக்கும். கபிலப் போத்தலில், புதிதாக வேண்டும்.

#7 வினாத்தாள்

அருமை. "வன்னமிலம்", "மென்னமிலம்" இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், எங்கள் "வலிமை மிகு அமிலம்" நீளம்.

ஒரு துணைக் கேள்வி. உப்புப் பகுப்பாய்வில் பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் "ஐந்தாம் தொகுதி". அட்டவணையில் அவை இரண்டாம் தொகுதி. மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

#8 வீழ்படிவு

அந்த "தொகுதி" வேறு. பகுப்பாய்வில் தொகுதி என்பது ஒரே வினைப்பொருளுக்கு வீழ்படியும் அயனிகளின் கூட்டு, அவ்வளவே. வெள்ளியும் காரீயமும் பாதரசமும் அங்கே முதல் தொகுதி. அட்டவணையில் மூன்றும் மூன்று இடத்தில். சொல் ஒன்று என்பதால் வந்த குழப்பம்.

ஆனால் ஐந்தாம் தொகுதி இந்த இழைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று தனிமமும் கார்பனேட் ஆவதில் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றாகச் சிக்குகின்றன. பிறகு அவற்றின் வேறுபாட்டை வைத்தே பிரிக்கிறோம்.

முறை: கரைசலில் திண்ம அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா நெடி வரும்வரை அம்மோனியம் ஹைட்ராக்சைடு, பிறகு அம்மோனியம் கார்பனேட். மிதமாகச் சூடாக்கலாம், கொதிக்கவிடக் கூடாது. 60 டிகிரியை நெருங்கினாலே அம்மோனியம் கார்பனேட் சிதையும். அம்மோனியம் குளோரைடை விட்டுவிட்டால் மெக்னீசியமும் சேர்ந்து விழுந்து ஆறாம் தொகுதியில் காணாமல் போகும். வெண்ணிற வீழ்படிவைக் கழுவி, சூடான நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து மூன்று பங்காக்குங்கள்.

முதல் பங்கில் பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் வீழ்படிவு என்றால் பேரியம், அத்தோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மட்டும் இரண்டாம் பங்கில் அம்மோனியம் சல்பேட், வெள்ளை வந்தால் ஸ்ட்ரான்சியம். அதுவும் இல்லாவிட்டால் மூன்றாம் பங்கில் அம்மோனியம் ஆக்சலேட், வெள்ளை வந்தால் கால்சியம்.

வரிசையை மாற்றினால் தப்பான விடை வரும். சல்பேட்டை முதலில் போட்டால் பேரியமும் வெள்ளையாகத்தான் விழும். ஆக்சலேட்டை முதலில் போட்டால் மற்ற இரண்டும் விழக்கூடும். குரோமேட் சோதனைக்கு அசெட்டிக் அமிலம் ஏன் என்றால், அமிலத்தில் குரோமேட்டின் ஒரு பகுதி டைகுரோமேட் ஆகிக் குரோமேட் செறிவு குறைகிறது. மிச்சமுள்ள செறிவு பேரியம் குரோமேட்டுக்கு (கரைதிறன் பெருக்கம் 1.2 × 10⁻¹⁰) போதும், ஸ்ட்ரான்சியத்துக்குப் போதாது. அசெட்டிக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பேரியமும் வராது.

இதற்குப் பின்னாலுள்ள போக்கு. சல்பேட் கரைதிறன், லிட்டருக்குத் தோராயமாக: கால்சியம் 2 கிராம், ஸ்ட்ரான்சியம் 0.13, பேரியம் 0.0025. கீழே போகப் போக விழுகிறது. ஹைட்ராக்சைடு: மெக்னீசியம் 0.01, கால்சியம் 1.7, பேரியம் 39. கீழே போகப் போக ஏறுகிறது. ஒரே தொகுதி, ஒரே திசை, எதிரெதிர்ப் போக்கு. சல்பேட் அயனி பெரிது. நேரயனி கொஞ்சம் பெரிதானாலும் மையத்துக்கு மைய தூரம் அவ்வளவாக மாறாது, படிகக்கூடு ஆற்றல் மெல்லவே குறையும். நீரேற்ற ஆற்றல்தான் வேகமாகக் குறையும், எனவே கரைதிறன் விழும். ஹைட்ராக்சைடு சிறிது. அங்கே படிகக்கூடுதான் முந்திக்கொண்டு தளரும்.

இதை வைத்தே ஒரு பழைய சோதனை உண்டு. நிறைவுற்ற கால்சியம் சல்பேட் கரைசலை ஊற்றுங்கள். பேரியம் என்றால் உடனே வெள்ளை. ஸ்ட்ரான்சியம் என்றால் கொஞ்ச நேரம் கழித்து, அல்லது சூடாக்கினால். கால்சியம் என்றால் ஒன்றுமில்லை. ஒரு தொகுதியின் போக்கு மூன்று சோதனைக்குழாயில் கண்ணால் தெரியும்.

சுடர்ச் சோதனைக்கு அடர் ஹைட்ரோகுளோரிக்கில் குழைப்பதும் இதனால்தான்: குளோரைடு எளிதில் ஆவியாகும். பேரியம் சல்பேட்டை அப்படியே காட்டினால் ஆப்பிள் பச்சை சரியாக வராது.

#9 ஏழாம்வரிசை

காரீயக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

14ஆம் தொகுதியில் கீழே போகப் போக +4 தளர்ந்து +2 வலுக்கிறது. மந்த இணை விளைவு என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், பெயர் காரணமாகாது. இரண்டு விஷயம் சேர்கிறது. ஒன்று, அணு பெரிதாகப் பெரிதாகப் பிணைப்பு பலவீனப்படுகிறது. இன்னும் இரண்டு எலக்ட்ரானை இழுத்துவிடும் செலவை இரண்டு பலவீனமான பிணைப்பு ஈடுகட்டாது. இரண்டு, காரீயத்தின் 6எஸ் எலக்ட்ரான்கள். 82 புரோட்டான் அருகே எஸ் எலக்ட்ரான் ஒளிவேகத்தின் கணிசமான பின்னத்தில் ஓடுகிறது. சார்பியல் விளைவால் 6எஸ் சுருங்கி இறங்குகிறது. 4எஃப் எலக்ட்ரான்களின் மோசமான மறைப்பும் கூடச் சேர்கிறது.

இது புத்தகத்துக்குள் அடங்கும் நுணுக்கம் இல்லை. காரீய–அமில மின்கலத்தின் ஒரு செல்லில் கிடைக்கும் 2.1 வோல்ட்டில் சுமார் 1.7–1.8 வோல்ட் சார்பியல் விளைவால் வருவது என்று 2011இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். லெட் டை ஆக்சைடிலுள்ள +4 காரீயம் எப்படியாவது +2-க்கு இறங்கத் துடிக்கிறது, அந்தத் துடிப்பில் ஸ்கூட்டர் கிளம்புகிறது. அதே தொகுதியில் ஒரு படி மேலே வெள்ளீயம். அதை வைத்து இதேபோல மின்கலம் ஏன் இல்லை என்பதற்கும் அதுவே விடை.

ஆய்வகத்தில் இரண்டையும் எதிரெதிராகப் பார்க்கலாம். லெட் டை ஆக்சைடு அடர் ஹைட்ரோகுளோரிக்கைக் குளோரினாக ஆக்சிஜனேற்றும் (புகைபோக்கிக்குள் மட்டும்). வெள்ளீயத்தின் +2 உப்போ தானே +4-க்கு ஓடப் பார்க்கும் ஒடுக்கி. ஸ்டான்னஸ் குளோரைடு கரைசல் ஏன் கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: 0.1 மோலார் கரைசல் 100 மில்லிலிட்டருக்கு 2.26 கிராம் டைஹைட்ரேட்டை முதலில் 5 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக்கில் இளஞ்சூட்டில் கரையுங்கள், தெளிந்த பிறகே தண்ணீர். நேராகத் தண்ணீரில் போட்டால் கார உப்பாகிப் பால்போல் கலங்கும். புட்டியில் ஒரு துண்டு வெள்ளீயம் போட்டு வையுங்கள், காற்றால் +4 ஆனதை அது திரும்ப +2 ஆக்கும்.

13ஆம் தொகுதியின் அடியில் தாலியம் இன்னும் வேடிக்கை. அது +1-இல் நிற்கும். அயனி ஆரம் சுமார் 150 பிக்கோமீட்டர், பொட்டாசியம் 138, ருபீடியம் 152. உடல் அட்டவணையைப் பார்ப்பதில்லை, மின்சுமையையும் பருமனையும்தான் பார்க்கிறது. பொட்டாசியம் போகும் வழியில் தாலியம் நுழைந்துவிடும். அதன் நச்சுக்கும் கதிரியக்கச் சீசியத்துக்கும் ஒரே மருந்து, பிரஷ்யன் நீலம்.

#10 மோல்கணக்கு

ஹீலியம் சுருக்கமாக. முதல் கூட்டில் பி ஆர்பிட்டாலே கிடையாது, எனவே இரண்டே எலக்ட்ரானில் கூடு நிரம்பிவிட்டது. அயனியாக்கும் ஆற்றல் 2372. பெரிலியத்துக்கு 899, பக்கத்திலேயே காலி 2பி இருக்கிறது, இரண்டு எலக்ட்ரானும் பிணைப்புக்குத் தயார். ஹீலியத்துக்கு அடுத்த காலி இடம் எட்டாத உயரத்தில். எண்ணிக்கை இரண்டு என்பதைவிட, மேலே ஏற இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

#11 பழையகாயல்

தலைப்புக்கு எதிர்ப்பக்கம் ஒன்று சொல்கிறேன். ஒற்றுமை மிதமிஞ்சிப் போனால் என்ன ஆகும்? சிர்கோனியமும் ஹாஃப்னியமும். நான்காம் தொகுதி, ஒன்றன் கீழ் ஒன்று. இடையில் பதினான்கு லாந்தனைடு நுழைந்து 4எஃப் நிரம்பியதால் சுருக்கம் ஏற்பட்டு, ஒரு கூடு கூடியும் ஆரம் கூடவில்லை. 160, 159 பிக்கோமீட்டர். மின்சுமை ஒன்று, பருமன் ஒன்று. வேதியியல் ஏறக்குறைய ஒன்று. சிர்கோனியம் 1789இல் கிளாப்ராத் கையில் கிடைத்தது. அதனுள்ளேயே ஒளிந்திருந்த ஹாஃப்னியத்தை 1923இல்தான் கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையில் பிடித்தார்கள். வேதிமுறையில் யார் கண்ணிலும் படவில்லை.

மற்ற இடங்களில் பரவாயில்லை, அணு உலையில் முடியாது. வெப்ப நியூட்ரானை உறிஞ்சும் குறுக்குவெட்டு (உறிஞ்சும் வாய்ப்பின் அளவு, அலகு பார்ன்) சிர்கோனியத்துக்கு 0.18 பார்ன், ஹாஃப்னியத்துக்கு 104 பார்ன். அணுக்கரு வேறு, எலக்ட்ரான் வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எரிபொருள் உறைக்கான சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் மில்லியனில் 100 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கான் கனிமத்திலோ சிர்கோனியத்தோடு ஒப்பிட்டால் சுமார் 2 சதவீதம் ஹாஃப்னியம் இருக்கும்.

தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலிலுள்ள சிர்கோனியம் வளாகத்தின் வேலையே அணு உலைத் தரத்தில் ஆக்சைடும் கடற்பஞ்சு உலோகமும் (பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த உலோகம்) எடுப்பது. பிரிப்பது கரைப்பான் பிரித்தெடுப்பில்: சிர்க்கானை எரிசோடாவோடு உருக்கிச் சிலிக்காவை நீக்கி, நைட்ரிக் அமிலக் கரைசலாக்கி, ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கரிமக் கரைப்பானோடு எதிரோட்டத்தில் பல கட்டம் ஓட்டினால் சிர்கோனியம் கரிம அடுக்குக்கு ஏறும், ஹாஃப்னியம் பெரும்பாலும் நீரில் தங்கும். ஒரு கட்டத்தில் கிடைக்கும் வேறுபாடு சின்னது, அதனால்தான் பல கட்டம். அமிலச் செறிவு குறைந்தால் சிர்கோனியம் நீராற்பகுப்படைந்து பல அணுக் கொத்துகளாகிவிடும், அடுக்குகள் பிரியாமல் நடுவில் கசடு கட்டும். தயோசயனேட்டும் மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோனும் பயன்படுத்தும் இன்னொரு முறையில் நேர்மாறாக ஹாஃப்னியம்தான் கரிம அடுக்குக்குப் போகும்.

#12 வினாத்தாள்

ஸ்லேட்டரைக் காலியத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சரிபார்க்கவும்.

அலுமினியம்: 2 × 0.35 = 0.7, 8 × 0.85 = 6.8, 2. மொத்தம் 9.5. 13 − 9.5 = 3.50.
காலியம்: 0.7, 18 × 0.85 = 15.3, 10. மொத்தம் 26. 31 − 26 = 5.00.

செம்பில் நடந்த அதே பத்து 3டி கோளாறு. அதனால்தான் அயனியாக்கும் ஆற்றல் அலுமினியம் 577, காலியம் 579 என்று இறங்காமல் நிற்கிறதா?

#13 மோல்கணக்கு

கணக்கு சரி, காரணமும் சரி. அடுத்து இண்டியம் 558-க்கு இறங்கும், தாலியம் 589-க்குத் திரும்ப ஏறும். அந்த ஏற்றத்துக்கு ஸ்லேட்டர் கைகொடுக்காது. அங்கே #9-இல் சொன்ன 4எஃப்பும் 6எஸ் சுருக்கமும் வந்துவிடுகின்றன. ஒரு திருத்தம்: விடைத்தாளில் 3.50, 5.00 என்று எழுதும்போது "ஸ்லேட்டர் மதிப்பு" என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏழாம்வரிசை மறுபடி வருவார்.